புதிய போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்: திருகாணி முதல் தோட்டா வரை, வரிசை தவறாத அமைப்பு

இலக்குச் சுடுதலுக்காகப் புதிதாக ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்து மூடும் துப்பாக்கி) வாங்கியவர்களில் பலர், ஸ்கோப்பைப் (குறிபார்க்கும் தொலைநோக்கியைப்) பூட்டிய கையோடு சுடுதளத்துக்குச் சென்று, குரூப் (ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட துளைகளின் கூட்டம்) சிதறினால் தோட்டாவை மாற்றுகிறார்கள். அதிலும் தீரவில்லையென்றால் ஸ்கோப்பை மாற்றுகிறார்கள். கடைசியில் குழலையே குறை சொல்கிறார்கள். பெரும்பாலான வேளைகளில் கோளாறு இவை எதிலும் இருப்பதில்லை. சரியாக இறுக்கப்படாத ஒரு திருகாணியோ, ஸ்டாக்கில் (ரைபிளின் உலோகப் பாகங்களைத் தாங்கும் உடற்கட்டையில்) உரசும் குழலோதான் காரணமாக இருக்கும். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியின் மேல் நிற்கிறது: முதலில் ரைபிள், பிறகு ஸ்கோப், பிறகு ஜீரோ (குறிவைத்த புள்ளியிலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருத்துவது), எல்லாவற்றுக்கும் பின்னரே கையால் நிரப்பிய தோட்டா. ஒரு படி உறுதியாகும் முன் அடுத்த படிக்குப் போகக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றவும் கூடாது.

தோட்டாவைச் சொந்தமாக நிரப்புவதற்குப் பல நாடுகளில் தனி உரிமம் வேண்டும். சில இடங்களில் அது முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. கருவிகள் வாங்குமுன் உங்கள் ஊர்ச் சட்டத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். அனுமதி இல்லாத இடத்தில் இருப்பவர்கள், தோட்டா நிரப்புதல் பற்றிய பகுதியை விட்டுவிட்டு, ஆலையில் தயாரான தோட்டாக்களையே சோதித்துத் தேர்ந்தெடுத்தாலும் மற்ற படிகள் அனைத்தும் அப்படியே பொருந்தும்.

வேலை தொடங்கும் முன்

போல்ட்டை வெளியே எடுத்து, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். வேலை செய்யும் மேசையில், அந்த அறையில்கூட, ஒரு தோட்டாவும் இருக்கக் கூடாது. ஸ்கோப் பூட்டும்போது ரைபிளைப் பல திசைகளில் திருப்ப வேண்டியிருக்கும் என்பதால் இந்த ஒழுங்கு இங்கே இரட்டிப்பு முக்கியம்.

புதிய குழலுக்குள் ஆலையில் பூசிய துருத்தடுப்பு எண்ணெய் இருக்கும். பின்புறத்திலிருந்து, சேம்பருக்கான வழிகாட்டிக் குழாயைப் பொருத்தி, கரைப்பான் நனைத்த துணித்துண்டுகளைச் செலுத்தி, துணி சுத்தமாக வரும்வரை துடைத்து, இறுதியில் உலர்ந்த துணியால் முடியுங்கள். குழல்வாய் விளிம்பில் துடைப்புக்கம்பி உரசக் கூடாது. குண்டு கடைசியாகத் தொட்டு வெளியேறும் இடம் அதுதான், அங்கே ஏற்படும் சிறு தேய்மானமும் துல்லியத்தைக் கெடுக்கும்.

ஸ்டாக்கும் ஆக்‌ஷனும்

குழல் எதையும் தொடாமல் மிதக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் ஸ்டாக்கின் முன்பகுதிக்கும் இடையில் நுழைத்து, ஆக்‌ஷன்வரை (போல்ட் இயங்கும் உலோகப் பகுதிவரை) தடையின்றி இழுத்துச் செல்ல முடிய வேண்டும். ஒரு தாள் மட்டும் நுழைந்தால் போதாது. பைபாட் (முன்புறத்து இருகால் தாங்கி) மேல் எடை சாய்க்கும்போது பிளாஸ்டிக் ஸ்டாக்குகள் வளையும் என்பதால், சுடும் நிலையில் படுத்துக்கொண்டு, இன்னொருவரிடம் அதே காகிதத்தை இழுக்கச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்து ஆக்‌ஷன் திருகாணிகள். ரைபிளை அடிப்பகுதி தரையில் ஊன்ற, குழல்வாய் மேலே பார்க்க நிறுத்துங்கள். அப்போது ஆக்‌ஷன் தன் எடையாலேயே பின்னோக்கி இறங்கி, பின்னுதைப்பைத் தாங்கும் உலோகக் கட்டை ஸ்டாக்கில் அதற்குரிய பள்ளத்தின் பின்சுவரில் சரியாக அமரும். அந்த நிலையிலேயே முன் திருகாணியையும் பின் திருகாணியையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். அலுமினியச் சட்டகமாயின் பொதுவாக 65 இஞ்ச்-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7.3 நியூட்டன் மீட்டர். மர ஸ்டாக்காயின் 35 முதல் 45 இஞ்ச்-பவுண்டு. தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே இறுதி.

இப்போது ஒரு சிறிய சோதனை. இடது கையின் ஆள்காட்டி விரல் நுனியைக் குழலும் ஸ்டாக்கின் முனையும் சந்திக்கும் இடைவெளியின் மேல், இரண்டையும் தொடுமாறு வையுங்கள். வலது கையால் முன் திருகாணியை மெல்லத் தளர்த்துங்கள். ஆக்‌ஷன் அமர்ந்திருக்கும் தளம் சரியாக இருந்தால் விரலுக்கு எதுவும் தெரியாது. குழல் ஸ்டாக்கிலிருந்து எழும்புவதை விரல் உணர்ந்தால், திருகாணி இறுக்கப்படும்போதெல்லாம் ஆக்‌ஷன் வளைக்கப்படுகிறது என்று பொருள். அதை எந்தத் தோட்டாவாலும் சரிசெய்ய முடியாது. எப்பாக்ஸி கொண்டு படுகைத்தளம் அமைக்கும் துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுப்பதே வழி.

டிரிகரைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர் அனுமதித்த வரம்புக்குள் மட்டுமே எடையைக் குறையுங்கள். குறைத்த பின், காலி ரைபிளில் போல்ட்டை வலுவாக மூடியும், ரப்பர் சுத்தியலால் ஸ்டாக்கைத் தட்டியும், ஊசி தானாக விடுபடவில்லை என்பதை உறுதி செய்யுங்கள்.

ஸ்கோப்பைப் பூட்டுதல்

என் அனுபவத்தில், புதியவர்கள் மிகவும் அவசரப்படும் இடமும், அதிகம் இழக்கும் இடமும் இதுவே. ஒரு மாலைப்பொழுதை முழுதாக இதற்கு ஒதுக்குங்கள்.

ஸ்கோப்பைத் தாங்கும் பட்டையான ரெயிலைத் தேர்ந்தெடுக்கும்போது, 300 மீட்டருக்கு அப்பால் சுடும் எண்ணம் இருந்தால் 20 எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) சாய்வுள்ளதை வாங்குங்கள். அதன் பின்பகுதி சற்று உயர்ந்திருப்பதால் ஸ்கோப் முன்னோக்கிச் சாய்ந்து, உள்ளே இருக்கும் உயரத் திருத்த வரம்பில் பெரும்பகுதி தொலைதூரத்துக்குப் பயன்படக் கிடைக்கும். திருகாணிகளையும் துளைகளையும் ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப்பசை போக்குங்கள். குறிப்பேடுகளில் அச்சிடப்பட்ட இறுக்க அளவுகள் பெரும்பாலும் உலர்ந்த மரைகளுக்கானவை. எண்ணெய் பட்ட மரையில் அதே அளவு காட்டினாலும் உண்மையான இழுவிசை மிகக் கூடிவிடும். ரெயிலைப் பிடிக்கும் சிறிய திருகாணிகளுக்கு நீலநிறப் பிடிபசை ஒரு துளி போதும். சிறிய அளவான 6-48 மரைகளுக்கு 15 முதல் 20 இஞ்ச்-பவுண்டு, பெரிய அளவான 8-40 மரைகளுக்கு 25 முதல் 30 என்பது வழக்கம்.

ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களான ரிங்குகளின் அடிப்பகுதியை ரெயில் பள்ளத்தில் வைத்து, அவற்றை முன்னோக்கித் தள்ளிப் பிடித்தபடி இறுக்குங்கள். சுடும்போது ரைபிள் பின்னால் பாய, ஸ்கோப் தன் நிலைமத்தால் முன்னே செல்ல முயலும். முன்சுவரை ஏற்கெனவே தொட்டு நிற்கும் ரிங்குக்கு நகர இடமிருக்காது. பிறகு ஸ்கோப்பை வைத்து, மேல் மூடிகளை அது நழுவி நகரும் அளவுக்கு மட்டும் தளர்வாகப் பூட்டுங்கள்.

கண் தூரத்தை அமைக்க, உருப்பெருக்கத்தை அதிகபட்சத்தில் வையுங்கள். அங்கேதான் கண்ணுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. பொதுவாக அது 90 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். உண்மையில் சுடப்போகும் நிலையில் படுத்து, கண்களை மூடி, கன்னத்தை இயல்பாக ஸ்டாக்கில் பதித்து, பிறகு கண்ணைத் திறங்கள். ஓரத்தில் கருநிழல் இல்லாமல் முழு வட்டமும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கழுத்தை நீட்டாதீர்கள், ஸ்கோப்பை நகர்த்துங்கள். கன்னம் தாழ்வாக இருந்தால் கன்னமேட்டை உயர்த்துங்கள். நாற்காலியில் உட்கார்ந்து அமைத்த கண் தூரம் படுத்துச் சுடும்போது ஏறக்குறைய எப்போதும் தவறாகவே இருக்கும்.

அடுத்தது, குறுக்குக்கோட்டை (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளை) நிமிர்த்துதல். ரெயிலின் மேல் ஒரு ரசமட்டத்தை வைத்து ரைபிளைச் சமன் செய்யுங்கள். குறைந்தது 25 மீட்டர் தொலைவில், கனமான குண்டு கட்டிய கயிறு ஒன்றைக் காற்றில்லாத இடத்தில் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் நெடுங்கோடு அந்தக் கயிற்றோடு ஒன்றும்வரை ஸ்கோப்பைச் சுழற்றுங்கள். கொத்தனார் சுவர் பார்க்கும் அதே தூக்குக்குண்டு இந்த வேலைக்கு மிகப் பொருத்தமான கருவி. இந்தச் சிரத்தைக்குக் காரணம் உண்டு. குறுக்குக்கோடு 1 டிகிரி சாய்ந்திருந்தால் 100 மீட்டரில் ஒன்றும் தெரியாது. ஆனால் 800 மீட்டருக்கு டர்ரெட்டில் (ஸ்கோப்பின் திருத்தக் குமிழில்) 10 மில் (ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஏற்றும்போது, அந்த 1 டிகிரி ஏறத்தாழ 0.17 மில்லைப் பக்கவாட்டில் திருப்பிவிடும்; இலக்கில் அது 14 சென்டிமீட்டர். சுடுபவர் அதைக் காற்றின் தலையில் போட்டு, இல்லாத காற்றுக்குத் திருத்தம் செய்துகொண்டிருப்பார்.

இப்போது மூடித் திருகாணிகளை, ஒரு மூலை இறுக்கியதும் எதிர் மூலை என்று, ஒவ்வொன்றையும் கால் சுற்றுக்கு மேல் திருகாமல் இறுக்குங்கள். இரு பக்கமும் மூடிக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலான இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மூடிக்கொண்டு மறுபக்கம் அகன்றிருந்தால், இறுக்கும்போதே ஸ்கோப் சுழன்றிருக்கும். 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர் போதுமானது. அதற்கு மேல் போனால் குழாய் நெளியும், உள்ளே நகரும் பகுதிகள் சிக்கும். இந்தத் திருகாணிகளுக்குப் பிடிபசை இடாதீர்கள். முடித்தபின் தூக்குக்குண்டை மீண்டும் ஒரு முறை பாருங்கள்.

குறுக்குக்கோட்டைக் கூர்மையாக்க, வெற்று வானத்தையோ வெள்ளைச் சுவரையோ நோக்கி, இரண்டு விநாடி மட்டும் பார்த்துக் கண்ணை எடுத்து, கண்ணருகு வளையத்தைத் திருத்துங்கள். நீண்ட நேரம் உற்றுப் பார்த்தால் கண் தானே குவியத்தை ஈடுசெய்து ஏமாற்றும். பாரலாக்ஸ் திருகியில் அச்சிட்ட தூர எண்கள் தோராயமானவை. ரைபிளை மூட்டைமேல் அசையாமல் வைத்து, தலையை மட்டும் மேலும் கீழும் சிறிது நகர்த்தும்போது குறுக்குக்கோடு இலக்கின் மேல் ஊராமல் நிற்கும் இடமே சரியான இடம்.

ஜீரோ செய்தல்

சுடுதளத்தில் முதல் வேலை தோட்டா இல்லாமலே நடக்க வேண்டும். போல்ட்டை எடுத்துவிட்டு, ரைபிளை மணல்மூட்டைகளில் உறுதியாக வைத்து, பின்புறத்திலிருந்து குழல் வழியே 50 மீட்டர் இலக்கைப் பார்த்து, அது வட்டத்தின் நடுவில் அமையச் செய்யுங்கள். ரைபிளைத் தொடாமல், டர்ரெட்டுகளைத் திருப்பிக் குறுக்குக்கோட்டை அதே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். ரைபிள் அசையாமல் இருக்கையில் டர்ரெட்டை ‘மேல்’ என்று திருப்பினால் குறுக்குக்கோடு கீழே இறங்கும். இதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

முதல் தோட்டாவை 25 மீட்டரில் சுடுங்கள். ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்துக்கு 45 மில்லிமீட்டர் மேலே இருப்பதாகவும், குண்டு நொடிக்கு 800 மீட்டர் அளவில் புறப்படுவதாகவும் கொண்டால், 100 மீட்டரில் ஜீரோவான ரைபிள் 25 மீட்டரில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கீழே அடிக்கும். ஆகவே 25 மீட்டரில் மையத்தைத் துளைக்க முயலாமல், அந்த 2 சென்டிமீட்டர் தாழ்வை இலக்காகக் கொண்டு திருத்திவிட்டு, 100 மீட்டருக்குச் செல்லுங்கள்.

100 மீட்டரில் 0.1 மில் கிளிக் ஒன்று 10 மில்லிமீட்டர், கால் எம்.ஓ.ஏ. கிளிக் ஒன்று ஏறத்தாழ 7.3 மில்லிமீட்டர். ஐந்து தோட்டாக் குரூப்பின் நடுப்புள்ளி 60 மில்லிமீட்டர் கீழும் 40 மில்லிமீட்டர் இடமும் இருந்தால், மில் ஸ்கோப்பில் 6 கிளிக் மேல், 4 கிளிக் வலம், எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் 8 மேல், 5 அல்லது 6 வலம். ஒற்றைத் தோட்டாவைத் துரத்தித் திருத்தாதீர்கள். எப்போதும் குரூப்பின் நடுவை அளந்து, ஒரே தடவையில் திருத்துங்கள்.

பிறகு, பலர் விட்டுவிடும் ஒரு சோதனை: டர்ரெட் சொல்வது உண்மையா என்று பார்ப்பது. ஒரு மீட்டருக்கு மேல் உயரமான அட்டையில், தூக்குக்குண்டின் துணையோடு செங்குத்துக் கோடு ஒன்று வரைந்து, அடியில் குறிவைக்கும் புள்ளியை இடுங்கள். அளவு நாடாவால் துல்லியமாக அளந்த 100 மீட்டரில் நின்று, அந்தப் புள்ளியைக் குறிவைத்து ஒரு குரூப் சுடுங்கள். 10 மில் ஏற்றி, அதே புள்ளியைக் குறிவைத்து மறுபடி சுடுங்கள். இரண்டாவது குரூப்பின் நடு முதலாவதிலிருந்து சரியாக 1,000 மில்லிமீட்டர் உயர வேண்டும். 980 மட்டுமே ஏறியிருந்தால் ஸ்கோப் 2 சதவீதம் குறைவாக நகர்கிறது; அதைக் குறித்துவைத்துக் கணக்கில் சேர்க்கலாம். குரூப் கோட்டை விட்டுப் பக்கவாட்டில் விலகியிருந்தால் குறுக்குக்கோடு சாய்ந்திருக்கிறது. டர்ரெட்டை மீண்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஜீரோ மாறவில்லை என்றும் உறுதி செய்யுங்கள்.

இந்தக் கட்டம்வரை ஆலையில் தயாரான, நல்ல தரமான ஒரே வகைத் தோட்டாவையே பயன்படுத்துங்கள். சுட்ட உறைகளை (தோட்டாவின் வெற்றுக் கூடுகளை) வீசிவிடாதீர்கள். அவை இப்போது உங்கள் சேம்பரின் வடிவத்துக்கு விரிந்திருக்கின்றன. மேலும், பல புதிய குழல்களில் முதல் நூறு தோட்டாக்களுக்குள் குண்டின் வேகம் சற்று ஏறி, பிறகுதான் நிலைபெறும். அதற்கு முன் தேர்ந்தெடுக்கும் வெடிமருந்து அளவு பின்னால் மாறிப்போகும்.

கையால் நிரப்பும் தோட்டா

எந்தக் குண்டு என்பதைக் குழலின் சுருள்வரி (குண்டைச் சுழற்றும் உட்பள்ளம்) முடிவு செய்கிறது. நீளமான, கனமான குண்டு நிலைபெறச் சுழற்சி வேகமாக வேண்டும். .223 ரெமிங்டன் என்ற தோட்டா வகையில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுள்ள குழல் 55 கிரெய்ன் (எடை அலகு) குண்டைச் செம்மையாகச் செலுத்தும். 77 கிரெய்ன் குண்டுக்கு 8 அல்லது 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். இலக்கு அட்டையில் துளை வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தால் குண்டு தள்ளாடுகிறது. அந்தக் குண்டு அந்தக் குழலுக்கு ஆகாது. போட்டியில் இறங்க நினைப்பவர்கள் விதிகளையும் முன்பே பார்க்க வேண்டும்: எஃப்-கிளாஸ் என்ற தொலைதூரச் சுடுதல் போட்டியின் எஃப்-டி.ஆர். பிரிவில் .223 ரெமிங்டனும் .308 வின்செஸ்டரும் மட்டுமே அனுமதி. ரைபிளின் எடை பைபாடோடு சேர்த்து 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது.

வெடிமருந்தின் அளவை, அதைத் தயாரித்த நிறுவனமோ குண்டைத் தயாரித்த நிறுவனமோ வெளியிட்ட அட்டவணையிலிருந்து மட்டுமே எடுங்கள். நண்பர் சொன்னது, எங்கோ படித்தது எதுவும் ஆதாரமாகாது. அட்டவணையின் தொடக்க அளவில் ஆரம்பித்து, சிறு படிகளாக ஏற வேண்டும். குண்டு, உறை, பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஆகியவற்றில் ஒன்றை மாற்றினாலும் மீண்டும் தொடக்க அளவுக்கு இறங்க வேண்டும். .308 வின்செஸ்டரின் உச்ச அழுத்தம் ஐரோப்பிய சி.ஐ.பி. (துப்பாக்கி, தோட்டாத் தரங்களை வகுக்கும் அமைப்பு) தரப்படி 4,150 பார். கண்ணிலிருந்து ஒரு சாண் தூரத்தில் உருவாகும் இந்த அழுத்தத்தோடு யாரும் ஊகத்தில் விளையாடக் கூடாது.

உறையை அளவுக்குச் சுருக்கும்போது, சுட்ட உறையின் தோள்பகுதியை 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் பின்தள்ளினால் போல்ட் எளிதாக மூடும், உறையும் நீடிக்கும். உறையைச் சுருக்கும் அச்சை முழுதாக இறக்கி அதிகம் தள்ளினால், ஒவ்வொரு முறை சுடும்போதும் உறை நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே உட்சுவர் மெலியும். இதைப் பார்க்க ஒரு மெல்லிய கம்பியின் நுனியைக் கூர்மையாக்கி, சிறிது வளைத்து, உறையின் வாய் வழியே விட்டு, அடியிலிருந்து உட்சுவரோடு மேலே இழுத்துப் பாருங்கள். கம்பி ஓரிடத்தில் பள்ளத்தில் விழுவது போல் தட்டினால், வெளியே எந்த அடையாளமும் தெரியாவிட்டாலும் அந்த உறையை நசுக்கி எறியுங்கள். அடுத்த முறை அது இரண்டாகப் பிரியும். உறையின் நீளத்தையும் அளக்க வேண்டும். .308 வின்செஸ்டரில் 51.18 மில்லிமீட்டரைத் தாண்டிய உறையை வெட்டிக் குறைக்காவிட்டால், அதன் வாய் சேம்பரின் முனையில் நெருக்குண்டு, குண்டை விடாமல் பிடித்து அழுத்தத்தை ஏற்றிவிடும்.

மேசைமேல் எப்போதும் ஒரே ஒரு வெடிமருந்துக் கொள்கலன்தான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மீதியை அதே கொள்கலனில் ஊற்றுங்கள். தராசைச் சோதனை எடைக்கல்லால் சரிபார்த்த பின் தொடங்குங்கள். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம் மட்டுமே. மின்விசிறிக் காற்றுகூட அளவைக் கெடுக்கும். நிரப்பிய உறைகளை வரிசையாக நிறுத்தி, குண்டு பொருத்துமுன் கைவிளக்கால் ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்த்து, மட்டம் ஒன்றுபோல் இருப்பதை உறுதி செய்யுங்கள். இந்தப் பார்வையைத் தவிர்க்க எந்த அவசரமும் காரணமாகாது. பிரைமர்களை அவற்றின் சொந்தப் பெட்டியிலேயே வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அவற்றைத் தொடாதீர்கள்.

குண்டு எவ்வளவு ஆழம் அமர வேண்டும் என்பதற்கும் அட்டவணை நீளமே தொடக்கம். குண்டைச் சுருள்வரியைத் தொடும்படி நீட்டி அமைத்தால் அழுத்தம் உயரும் என்பதால், அந்தச் சோதனையை வெடிமருந்து அளவு முடிவான பின், அளவைக் குறைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

சுடும்போது ஒவ்வொரு உறையையும் எடுத்துப் பாருங்கள். போல்ட் கைப்பிடி தூக்கக் கடினமாவது, பிரைமரின் விளிம்பு தட்டையாகிப் பள்ளத்தை முழுதும் நிரப்புவது, உறையின் அடியில் எஜெக்டர் (சுட்ட உறையை வெளித்தள்ளும் பாகம்) துளையின் பளபளப்பான வட்டம் பதிவது ஆகியவை அழுத்தம் மீறியதன் அறிகுறிகள். ஒன்று தென்பட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். மீதித் தோட்டாக்களைச் சுடாமல் பிரித்தெடுங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால், குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கலாம். போல்ட்டை எடுத்துக் குழல் வழியே வெளிச்சம் தெரிவதைப் பார்க்கும்வரை அடுத்த தோட்டா வேண்டாம். ஊசி விழுந்தும் வெடிக்காவிட்டால், குழல்வாய் இலக்கை நோக்கியபடியே குறைந்தது 30 விநாடி காத்திருங்கள்.

எந்தத் தோட்டா சிறந்தது என்று தீர்ப்பது

மூன்று தோட்டாக் குரூப்பை வைத்து முடிவு செய்வதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். ஒரே ரைபிள், ஒரே தோட்டா, எதுவும் மாறாத நிலையிலும், மூன்று தோட்டாக் குரூப்பின் சராசரி அகலம் சிதறலின் அடிப்படை அளவைப்போல் (திட்ட விலக்கத்தைப்போல்) 2.4 மடங்கு, ஐந்தில் அது 3.1 மடங்கு, பத்தில் 3.8 மடங்கு. மூன்றில் 12 மில்லிமீட்டர் காட்டும் தோட்டா, பத்தில் ஏறத்தாழ 19 காட்டுவது இயல்பே தவிர, ரைபிள் கெட்டுவிட்டதற்கான அடையாளம் அல்ல. சட்டைப்பையில் வைத்துக் காட்டும் அந்த ஒரு சின்னக் குரூப் பெரும்பாலும் தற்செயல்தான். முதலில் ஐந்து ஐந்தாகச் சுட்டுத் தெளிவாக மோசமானவற்றைக் கழியுங்கள். எஞ்சிய இரண்டு அளவுகளை மட்டும் வேறு வேறு நாட்களில் பத்துப் பத்தாகச் சுட்டு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாவிட்டால், அழுத்தம் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகமானி தரும் எண்களைத் தூரத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் 10 மீட்டர் ஏறி இறங்கினால், 100 மீட்டர் இலக்கில் வேறுபாடு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், அதாவது குண்டுத் துளையைவிடச் சிறிது. அதே வேறுபாடு 900 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தைத் தின்றுவிடும். எனவே 100, 200 மீட்டரில் மட்டும் சுடுபவர் வேகச் சீர்மைக்காக மாதக்கணக்கில் உழைக்கத் தேவையில்லை. தொலைதூரம் சுடுபவர் 100 மீட்டர் குரூப்பை மட்டும் நம்பவும் கூடாது.

தோட்டா முடிவானதும், அந்தத் தோட்டாவுக்கு ஜீரோவை மீண்டும் பத்துச் சுட்டு உறுதி செய்து, டர்ரெட்டின் பூஜ்யக் கோட்டை அங்கே நிறுத்திப் பூட்டுங்கள். ரிங், ரெயில், ஆக்‌ஷன் திருகாணிகள் ஒவ்வொன்றின் தலைக்கும் அதன் பக்கத்துப் பரப்புக்கும் குறுக்கே நகப்பூச்சால் மெல்லிய கோடு ஒன்று இடுங்கள். கோடு உடைந்திருந்தால் திருகாணி நகர்ந்திருக்கிறது என்று அடுத்த முறை பார்த்தவுடனே தெரிந்துவிடும். குறிப்பேட்டில் இறுக்க அளவுகள், உறைகளின் தொகுதி, வெடிமருந்தின் தொகுதி எண், வெப்பநிலை, குளிர்ந்த குழலின் முதல் தோட்டா எங்கே விழுந்தது என்பவற்றை அன்றே எழுதுங்கள். வெடிமருந்தின் புதிய கொள்கலன் திறக்கும் நாளில், தொகுதி எண் மாறியிருந்தால், தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏற வேண்டும்.